கரித்தொட்டி அடுப்பில் கரி இறங்காமல் நடுவில் நின்றுவிடுகிறது: கருவாடு உலர்த்தும் அறைக்கு வழி வேண்டும்

தேவிபட்டினம்_கருவாட்டுக்குழு
அக்டோபர் 14, இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் ஒன்பது பெண்கள் சேர்ந்து காரல், நெத்திலி, வாளை ஆகியவற்றை உப்பிட்டுக் கருவாடாக்கி விற்கிறோம். வெயில் காலத்தில் வலை விரித்த மேடையிலேயே மீன் காய்ந்துவிடும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் இரண்டே நாளில் புழு வைத்துவிடும் என்பதால், சென்ற மீன்பிடித் தடைக்காலத்தில் கொட்டகையின் ஒரு பகுதியைத் தகடு அடித்து அடைத்து, உலர்த்தும் அறை ஒன்றை அமைத்தோம். அடுப்பு அறைக்கு வெளியே இருக்கிறது. அதன் சூடு இரும்புக் குழாய்கள் வழியாக அறைக்குள் சுற்றி வந்து, புகை மட்டும் கூரைக்கு மேலே போய்விடும். அறைக்குள் 45 முதல் 50 பாகை செல்சியஸ் வரை சூடு நின்றால் போதும். அதற்கு மேலே போனால் மீனின் மேல்தோல் இறுகிவிட, உள்ளே ஈரம் அப்படியே தங்கிவிடுகிறது.

இரவில் யாரும் விழித்திருக்க வேண்டியதில்லை என்பதற்காகவே அடுப்பின் மேல் கரித்தொட்டி வைத்தோம். மேல்வாய் 45 சென்டிமீட்டர் சதுரம். 40 சென்டிமீட்டர் நேராக இறங்கி, அதன்பின் 20 சென்டிமீட்டர் உயரத்தில் நான்கு பக்கமும் குறுகி, 12 சென்டிமீட்டர் சதுரக் கழுத்தில் முடிகிறது. சீமைக்கருவேலங்கரி 25 கிலோ பிடிக்கும். கணக்குப்படி அது ஓர் இரவுக்குப் போதும்.

ஆனால் இரவு ஒரு மணிக்கெல்லாம் நெருப்பு அணைந்துவிடுகிறது. மூடியைத் திறந்தால் கரி போட்ட மட்டத்திலேயே நிற்க, கீழே கழுத்துக்கு மேல் வெறும் பொந்துதான் இருக்கிறது. கடப்பாரையால் குத்தினால் கரி முழுவதும் ஒரே நேரத்தில் சரிந்து, சில நாள் நெருப்பை அமுக்கிவிடுகிறது, சில நாள் சூடு ஏறிக் கீழ்த்தட்டு மீனை வேகவைத்துவிடுகிறது. பாரம் வைத்தால் இறங்கும் என்று நினைத்து ஆட்டுக்கல் குழவியை மேலே வைத்துப் பார்த்தோம். அன்று இன்னும் சீக்கிரமாகவே நின்றுவிட்டது. சென்ற வாரம் மட்டும் இரண்டு கூடை நெத்திலியைக் கோழித்தீவனத்துக்குக் கொடுத்தோம். தெரிந்தவர்கள் வழி சொல்ல வேண்டும்.

சாயல்குடி_வெல்டிங்_பட்டறை
அக்டோபர் 14, இரவு 10.25

தங்கச்சி, குறுகும் பகுதிக்கு 20 சென்டிமீட்டர் உயரம் என்பது மிகவும் குறைவு. சரிவு போதாததால்தான் கரி தங்குகிறது என்று நினைக்கிறேன். அதே உயரத்தை 40 ஆக்கிப் புதிய கூம்பு ஒன்றை அடித்துத் தருகிறேன். உப்புக்காற்றுக்குத் தாங்குவதற்கு ஜி.ஐ. தகடு (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) போட்டுவிடலாம். அதுவரை தொட்டியின் வெளிப்புறத்தில் மரச்சுத்தியலால் நான்கு தட்டு தட்டிப் பாருங்கள்.

ராம்நாடு_இயந்திரவியல்_ஆசிரியர்
அக்டோபர் 15, காலை 6.40

அண்ணாச்சி சொல்லும் சரிவுக் குறை உண்மைதான். ஆனால் அம்மா எழுதியிருப்பதைப் படித்தால் அதற்கு முந்தைய காரணம் ஒன்று தெரிகிறது. கரித்துண்டுகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து, கொத்தனார் கமான் கட்டுவதைப்போல, கழுத்துக்குக் குறுக்கே தாமாகவே வளைவு கட்டிக்கொள்கின்றன. வட்டமோ சதுரமோ ஆன வாய்க்கு, உள்ளே இருக்கும் மிகப்பெரிய துண்டைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு அகலம் வேண்டும் என்பது பட்டறிவு விதி. நீளமான பிளவு வாயாக இருந்தால் மூன்று, நான்கு மடங்கு போதும், ஏனென்றால் அங்கே துண்டுகள் இரண்டு பக்கங்களை மட்டுமே பிடித்து நிற்க முடியும். உங்கள் கழுத்து 12 சென்டிமீட்டர் என்றால் 2 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட துண்டு உள்ளே இருக்கக் கூடாது. மூட்டையிலிருந்து அப்படியே கொட்டியிருந்தால் உள்ளங்கை அளவுக் கட்டைகள் எத்தனை இருந்திருக்குமோ!

சரிவைப் பற்றியும் கணக்கிட்டுப் பார்த்தேன். பக்கத் தகடுகள் தரையிலிருந்து ஏறத்தாழ 50 பாகைக் கோணத்தில் நிற்கின்றன. இரண்டு தகடுகள் சந்திக்கும் மூலை அப்படி நிற்காது. அங்கே சரிவு 41 பாகைதான். கரி குவிந்து தானாக நிற்கும் கோணமே 35 முதல் 45 வரை இருக்கும்போது, அந்த நான்கு மூலைகளிலும் கரி நகராமல் தங்கி, கமானுக்கு நான்கு தூண்களாகிவிடுகிறது. சதுரக் கூம்பில் எல்லோரும் பக்கத்தை அளந்துவிட்டு மூலையை மறந்துவிடுகிறார்கள்.

குழவி வைத்தபோது ஏன் மோசமானது என்பதையும் சொல்ல வேண்டும். யான்சன் என்ற ஜெர்மானியப் பொறியாளர் தானியத் தொட்டிகளில் சோதனை செய்து, 1895-இல் ஒன்றை எழுதிக் காட்டினார். தொட்டியில் தானியத்தின் உயரம் கூடக்கூட அடியில் அழுத்தம் அதே அளவில் கூடிக்கொண்டே போவதில்லை. பாரத்தின் பெரும்பகுதியைச் சுவரின் உராய்வு வாங்கிக்கொள்கிறது. தண்ணீர்த் தொட்டியைப்போல் இதை நினைக்கக் கூடாது. மேலே வைத்த பாரம் கழுத்துக்கு வராமல் சுவருக்குப் போயிற்று. வந்த கொஞ்சமும் கமானை இன்னும் இறுக்கியது. சுத்தியலால் தட்டுவதிலும் இதே ஆபத்து உண்டு. கீழே இறங்க இடமில்லாதபோது தட்டினால், தூள் இடைவெளிகளில் போய் அமர்ந்து கெட்டியாகிவிடும்.

இன்னொன்று, அண்ணாச்சி கோபித்துக்கொள்ள வேண்டாம், நெருப்புக்கு அருகில் ஜி.ஐ. தகடு கூடவே கூடாது. அதன் துத்தநாகப் பூச்சு 419 பாகையிலேயே உருகும். அதற்கு மேல் சூடானால் வரும் வெண்புகையை மூச்சில் இழுத்தவர்களுக்குக் குளிர்க்காய்ச்சல்போல் வந்து படுக்கவைக்கும். உணவுப் பொருள் உலரும் இடத்தில் அந்த வேலையே வேண்டாம்.

சாயல்குடி_வெல்டிங்_பட்டறை
அக்டோபர் 15, காலை 8.05

கோபம் எதுவும் இல்லை, சார். ஜி.ஐ. குழாயில் வெல்டிங் வைத்துவிட்டு நானே இரண்டு நாள் படுத்திருக்கிறேன். தொட்டியின் மேல்பகுதிதானே, சூடு வராது என்று நினைத்து எழுதிவிட்டேன். மூலைக் கணக்கைத் தரையில் சாக்கட்டியால் வரைந்து பார்த்தேன். நீங்கள் சொல்வது சரி.

கமுதி_கரிமூட்டம்
அக்டோபர் 15, பகல் 1.30

கரி தரப்பிலிருந்து நானும் சொல்ல வேண்டும். சீமைக்கருவேலத்தில் தூர்க்கரி வேறு, குச்சிக்கரி வேறு. தூரை வெட்டி மூட்டம் போட்ட (மண்ணால் மூடி எரித்த) கரி கனமானது, நீண்ட நேரம் நிற்கும், ஆனால் கோணல்மாணலாக இருக்கும். குச்சிக்கரி விரல்போல் நீளமாக வரும், எளிதில் நொறுங்கும். இரண்டையும் கலந்து தொட்டியில் போட்டால், நீளக் குச்சிகள் குறுக்கே படுத்து உத்திரமாகிவிட, கோணல் துண்டுகள் அவற்றின் மேல் ஏறிக்கொள்ளும். மூட்டைதான் வாங்குகிறீர்களே தவிர அதற்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. தூர்க்கரி தனியாக வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

மூட்டத்தின் ஓரத்தில் சரியாக வேகாத கட்டைகள் சில இருக்கும். உடைத்தால் உள்ளே பழுப்பு நிறம் தெரியும். நன்றாக வெந்த கரியைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும், வேகாதது மொத்தென்று கேட்கும். வேகாத கட்டை தொட்டிக்குள் சூடானால் தார் கசிந்து சுவரில் பூசிக்கொள்ளும், கரித்தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். உங்கள் தொட்டியின் உட்சுவரைத் தடவிப் பாருங்கள், பிசுபிசுப்பாக இருந்தால் இதுதான் காரணம்.

கீழக்கரை_டீ_பாய்லர்
அக்டோபர் 15, மாலை 5.50

எங்கள் கடையில் செம்பு பாய்லர் இருந்த காலத்தில் நடுக்குழாய் வழியாகத்தான் கரி போடுவோம். குழாய் கையகலம்தான் இருக்கும். என் வாப்பா நெல்லிக்காய் அளவுக்குக் கரியை உடைத்துச் சலித்த பிறகுதான் குழாய்க்குள் போட விடுவார். தூள் விழுந்தால் தண்ணீர் கொதிக்காது என்பார். அப்போது காரணம் தெரியவில்லை, ஆசிரியர் எழுதிய பிறகுதான் விளங்குகிறது. வீட்டில் உம்மா நெய்வேலி லெக்கோ கரி எரித்ததும் நினைவிருக்கிறது. அச்சில் அடித்த கரி என்பதால் எல்லாம் ஒரே அளவாக இருக்கும், அடுப்பில் சிக்கியதே இல்லை.

தூத்துக்குடி_சரக்கு
அக்டோபர் 15, இரவு 7.15

மரக்கரியோடு ஏன் போராட வேண்டும்? துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரியில் சிறு சில்லு வாங்கிப் போட்டால் உருண்டு இறங்கிவிடாதா?

ராம்நாடு_இயந்திரவியல்_ஆசிரியர்
அக்டோபர் 15, இரவு 8.40

நல்ல கேள்வி, ஆனால் வேண்டாம், தம்பி. துறைமுகத்துக்கு வரும் நிலக்கரியில் ஆவியாகும் பொருள் அதிகம். அவ்வகையில் பல சூடானவுடன் இளகி, உப்பி, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். தொட்டிக்குள் அது நடந்தால் கடப்பாரைக்கும் அசையாது. தொட்டி வைத்த நிலக்கரி அடுப்பு அமெரிக்காவின் பென்சில்வேனியா பகுதியில் பெரிதாக வளர்ந்ததற்குக் காரணம், அங்கே கிடைக்கும் ஆந்திரசைட் நிலக்கரி இளகாமல், ஒட்டாமல் எரியும் என்பதுதான். அங்கும் அதை அள்ளியபடியே போடுவதில்லை. சலித்து, அளவுக்கு ஒரு பெயர் வைத்து விற்கிறார்கள். 5 முதல் 8 மில்லிமீட்டர் வரை ‘அரிசி’, 14 முதல் 21 வரை ‘பட்டாணி’, 21 முதல் 41 வரை ‘கொட்டை’. எந்த அடுப்புக்கு எந்த அளவு என்று அடுப்பு செய்தவரே சொல்லிவிடுவார். நன்றாக வெந்த மரக்கரியும் ஒட்டாத எரிபொருள்தான். அவர்களிடம் இருந்து நம்மிடம் இல்லாதது சல்லடை மட்டுமே.

ஆகவே அம்மா, தகட்டில் கை வைப்பதற்கு முன் கரியைச் சலித்துப் பாருங்கள். செலவில்லாத மாற்றத்தை முதலில் செய்தால்தான், தகடு மாற்றியதால் எவ்வளவு பயன் என்பது தனியாகத் தெரியும்.

தேவிபட்டினம்_கருவாட்டுக்குழு
அக்டோபர் 22, பிற்பகல் 3.20

ஒரு வாரமாக மழைக்கு நடுவே செய்து பார்த்ததை எழுதுகிறேன். இரண்டு சல்லடைகள் கட்டினோம். மேலே 4 சென்டிமீட்டர் கண், கீழே ஒன்றரை சென்டிமீட்டர் கண். 50 கிலோ மூட்டை ஒன்றைப் பிரித்ததில், மேலே தங்கிய பெருங்கட்டை 21 கிலோ, நடுவில் நின்றது 20 கிலோ, கீழே விழுந்த தூளும் குருணையும் 9 கிலோ. இத்தனை நாளும் அந்த 9 கிலோ தூளை நாங்களே தொட்டிக்குள் கொட்டி வந்திருக்கிறோம் என்று நினைத்தபோது வருத்தமாக இருந்தது. பெருங்கட்டைகளைச் சாக்கின் மேல் வைத்துக் கொட்டாப்புளியால் உடைத்துச் சேர்த்துக்கொண்டோம். கமுதிக்காரர் சொன்னதுபோலவே உட்சுவர் பிசுபிசுத்தது. சாம்பலும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்தோம்.

முதல் இரவு அதிகாலை நான்கு மணி வரை எரிந்தது. அடுத்த மூன்று இரவுகளில் இரண்டு இரவுகள் விடியும் வரை நின்றது, ஓர் இரவு மட்டும் இரண்டரைக்கு நின்றுவிட்டது. அன்று போட்ட மூட்டை மண்தரையில் கிடந்து ஈரம் குடித்திருந்தது.

அந்த இரண்டரை மணிக்கு நடந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். என் நாத்தனார் மூடியைச் சட்டென்று தூக்கினார். ஒரு நொடி கழித்து நீல நிறத்தில் ஜுவாலை குபீரென்று மேலே எழுந்தது. புருவமும் முன்முடியும் கருகின. கண்ணுக்கு ஒன்றுமில்லை, கடவுள் காப்பாற்றினார். அதன்பிறகு அடுப்பைத் தொடவே எல்லோருக்கும் பயமாக இருக்கிறது.

ராம்நாடு_இயந்திரவியல்_ஆசிரியர்
அக்டோபர் 22, மாலை 4.00

படித்தவுடன் எழுதுகிறேன், மற்ற வேலைகளுக்கு முன் இதைப் படியுங்கள். கமான் கட்டியபின் மேலே நிற்கும் சூடான கரிக்குப் போதிய காற்று கிடைக்காமல், அது அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அது மேலே தொட்டிக்குள் ஏறித் தேங்கும். காற்றில் 12.5 முதல் 74 விழுக்காடு வரை அது கலந்திருந்தால் தீப்பற்றும். இவ்வளவு அகன்ற வரம்பு உள்ள வாயுக்கள் குறைவு. மூடியைத் திறந்ததும் வெளிக்காற்று உள்ளே போய்க் கலந்து, கீழே இருந்த தணலில் பற்றிக்கொண்டது.

இனிமேல் நெருப்புக்குக் காற்று தரும் ஊதுவிசிறியை முதலில் நிறுத்துங்கள். புகைபோக்கியின் அடைப்பை முழுவதும் திறந்து ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு முகத்தை விலக்கி, மூடியை விரல் அளவு மட்டும் உயர்த்தி, சிறிது பொறுத்து, அதன்பின்தான் முழுவதும் திறக்க வேண்டும். நெருப்பு இருக்கும்போது கடப்பாரை போடும் வழக்கத்தையே விட்டுவிடுங்கள்.

எரிவதைவிடக் கொடியது அந்த வாயுவின் நஞ்சு. அதற்கு மணமில்லை, நிறமில்லை. தலைவலி, கிறக்கம், குமட்டல் வந்தால் மீன்நாற்றத்தால் வந்தது என்று நினைத்து உட்கார்ந்திருக்காமல், உடனே வெளியே வந்துவிட வேண்டும். மழைக்கு ஒதுங்கி அடுப்புக் கொட்டகையின் தட்டிகளை இறக்கிவிட்டு யாரும் தூங்கவே கூடாது.

தேவிபட்டினம்_கருவாட்டுக்குழு
அக்டோபர் 22, மாலை 4.35

சார், மழைச் சாரலுக்காக மூன்று பக்கமும் படுதா கட்டியிருந்தோம். காவலுக்கு இருப்பவர் அங்கேதான் படுப்பார். இப்போதே அவிழ்க்கச் சொல்லிவிட்டேன்.

சாயல்குடி_வெல்டிங்_பட்டறை
அக்டோபர் 23, காலை 9.15

மூடியைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். நீங்கள் போட்டிருக்கும் மூடி வெறும் தகடு, அதன் விளிம்பில் காற்று நுழையும். கீழே புகைபோக்கி இழுக்க இழுக்க, மேலிருந்து காற்று கரி வழியாக இறங்கி, நெருப்பு அந்தக் காற்றைத் தேடித் தொட்டிக்குள் ஏறிவிடும். தொட்டியின் வாயைச் சுற்றி விரற்கடை ஆழத்தில் ஒரு கால்வாய் வைத்து, அதில் மணலை நிரப்பி, மூடியின் விளிம்பு மணலுக்குள் புதையும்படி செய்துவிட்டால் காற்றுப் போகாது. கடற்கரை மணலை அப்படியே போட வேண்டாம், உப்பு தகட்டைத் தின்றுவிடும். நன்னீரில் கழுவிக் காயவைத்துப் போடுங்கள்.

தொட்டியை இப்படி மாற்றலாம் என்று நினைக்கிறேன், ஆசிரியர் சரி பார்க்க வேண்டும். இரண்டு பக்கங்கள் கழுத்து வரை நேராகவே இறங்கட்டும். மற்ற இரண்டு பக்கங்கள் மட்டும் 35 சென்டிமீட்டர் உயரத்தில் சரிந்து வர, கழுத்து 45 சென்டிமீட்டர் நீளமும் 15 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பிளவாக இருக்கும். சரிவுப் பகுதிக்கு உள்ளே எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) தகடு. சாதா இரும்பு இந்த ஊர்க் காற்றில் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்து உப்புத்தாள்போல் ஆகிவிடும், அதன்மேல் கரி வழுக்காது.

ராம்நாடு_இயந்திரவியல்_ஆசிரியர்
அக்டோபர் 23, பகல் 12.50

அருமையான அமைப்பு, அண்ணாச்சி. சரிவு 67 பாகைக்கு அருகில் வருகிறது. நேர்ச்சுவரும் சாய்சுவரும் சந்திப்பதால் மூலையும் அதே சரிவில்தான் இருக்கும். 4 சென்டிமீட்டர் துண்டுக்கு 15 சென்டிமீட்டர் பிளவு என்பது நான்கு மடங்குக்குச் சற்றுக் குறைவு, போதும். தொட்டியில் பொருள் எப்படி ஓடுகிறது என்பதை யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1964-இல் வடிவக் கணக்காக வகுத்துத் தந்த ஆன்ட்ரூ ஜெனிக்கும் இதையே வலியுறுத்தினார். சுவர் செங்குத்தாகவும் வழவழப்பாகவும் இருந்தால் பொருள் முழுவதும் சேர்ந்து இறங்கும், இல்லாவிட்டால் நடுவில் மட்டும் குழாய்போல் ஓடி ஓரம் தேங்கும். பற்றவைப்பின் தழும்பு உட்புறம் துருத்தாமல் தேய்த்துவிடுங்கள்.

தேவிபட்டினம்_கருவாட்டுக்குழு
நவம்பர் 9, இரவு 8.30

தொட்டி மாற்றி ஐந்து இரவுகள் ஆகின்றன. கரி ஒருநாளும் சிக்கவில்லை. ஆனால் வேறொரு தொல்லை வந்திருக்கிறது. ஊதுவிசிறி இருக்கும் பக்கத்தில் கரி விரைவாக எரிந்து பள்ளமாகிறது, மறுமுனையில் பாதி கரி கறுப்பாகவே கிடக்கிறது. நேற்று அடுப்பில் கரி எரியும் சல்லடையில், விசிறிப் பக்கத்துக் கம்பிகளுக்கு நடுவே கண்ணாடிபோல் உருகி இறுகிய கட்டி ஒன்று இருந்தது. உளி வைத்துத்தான் எடுக்க முடிந்தது.

கமுதி_கரிமூட்டம்
நவம்பர் 9, இரவு 9.45

அக்கா, அந்தக் கட்டிக்குக் காரணம் மண். மூட்டத்தை மண் போட்டுத்தான் மூடுவோம், பிரிக்கும்போது கரியோடு கொஞ்சம் வந்துவிடும். சலிக்கும்போது இரண்டு முறை உதறினால் பெரும்பாலும் போய்விடும்.

ராம்நாடு_இயந்திரவியல்_ஆசிரியர்
நவம்பர் 10, காலை 6.15

அவர் சொல்வது சரி. தனி மணல் உருக 1,700 பாகை வேண்டும். மரச்சாம்பலில் உள்ள பொட்டாஷ் சேர்ந்தால் 800 பாகைக்குக் கீழேயே உருகத் தொடங்கிவிடும். விசிறிக் காற்று நேராக அடிக்கும் இடத்தில் தணல் 1,000 பாகையைத் தாண்டும். ஆகவே உங்கள் இரண்டு தொல்லைகளும் உண்மையில் ஒன்றுதான். காற்று ஒரே முனையில் குவிகிறது. அடுப்பின் சல்லடைக்குக் கீழே ஒரு காற்றுப்பெட்டி வைத்து, அதன் மேல்தகட்டில் விசிறிப் பக்கம் துளைகளைக் குறைவாகவும், மறுமுனையில் கூடுதலாகவும் போட்டால் காற்று நீளம் முழுவதும் பகிர்ந்து போகும். விசிறியின் வேகத்தையும் குறையுங்கள். கருவாட்டுக்கு வேண்டியது நீண்ட மெல்லிய சூடு.

தேவிபட்டினம்_கருவாட்டுக்குழு
நவம்பர் 23, காலை 7.05

காற்றுப்பெட்டியை அண்ணாச்சியே நேரில் வந்து பொருத்தினார். கூலி பேசியதில் பாதிதான் வாங்கிக்கொண்டார், மீதிக்கு வாளைக் கருவாடு கொடுத்தோம். பதினோரு இரவுகளாக மாலை ஆறு மணிக்குப் போட்ட 25 கிலோ, விடியற்காலை ஐந்தரை வரை நிற்கிறது. அறையில் 44 முதல் 49 வரைதான் ஏறி இறங்குகிறது. தணல் இரண்டு முனைகளிலும் ஒரே மட்டம். சலித்த கரியை மரச்சட்டத்தின் மேல் தார்ப்பாய் மூடி வைக்கிறோம். தூளை வீணாக்காமல் கஞ்சியில் பிசைந்து உருண்டை பிடித்து, வீட்டு அடுப்புக்குப் பகிர்ந்துகொள்கிறோம். நாத்தனாரின் புருவம் முளைத்துவிட்டது. மூடியைத் திறக்கும் முறையைச் சுவரில் சுண்ணாம்பால் எழுதியவரும் அவர்தான்.

திருப்பாலைக்குடியிலிருந்து ஒரு குழு இதைப் பார்க்க வந்தது. அவர்கள் தொட்டியை வரையச் சொல்லிக் கேட்டார்கள். முதலில் சல்லடையைத் தூக்கிக் கொடுத்தேன்.